கை நீட்டாத அங்கமுத்து

சென்ற வாரம் உங்கள் பயிற்சிக்கூடத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, பின்கைத் தசைக்கு எந்தப் பளுத்தள்ளல் நல்லது? நின்று தள்ளுவதா, படுத்துத் தள்ளுவதா?" விடை சொல்லத் தொடங்கும்போதே என் பஸ் வந்துவிட்டது. எழுதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு ஏறினேன். இப்போது எழுத உட்கார்ந்தால், தசையைப் பற்றி எழுத வேண்டிய இடத்திலெல்லாம் அங்கமுத்துவும் அவன் அண்ணன் சடையனும் வந்து நிற்கிறார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன்.

காலத்தைக் குறிக்காமல் எதையும் எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் இதில் ஆண்டு எனக்கு உறுதியாக இல்லை. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் பால்வெட்டு பாதி நாளாகக் குறைந்திருந்த முப்பதுகளின் தொடக்கம். மாதங்கள் மட்டும் உறுதி. எங்கள் ஊரான ருவான்வெல்லைச் சந்தைக்கு மங்குஸ்தான் கூடைகள் வரத் தொடங்கிய ஜூனில் ஆரம்பித்து, ஆகஸ்டில் எல்லாம் முடிந்துவிட்டது. இதை நான் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். மங்குஸ்தானில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

ருவான்வெல்லைக் கடைத்தெருவில் என் வாப்பாவின் கடைக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடுக்கும் கிட்டங்கி ஒன்று இருந்தது. விலை விழுந்த பிறகு அதில் அடுக்குவதற்கு ஷீட் இல்லை. அந்த வெறும் கிட்டங்கியில்தான் நாங்கள் தேகப்பயிற்சிக் கழகம் நடத்தினோம். எங்கள் பளுக்கம்பி, தோட்டத்துத் தண்டவாளத்தில் ஓடிய தள்ளுவண்டியின் அச்சு. இரண்டு பக்கமும் அதன் சக்கரங்கள். இன்னும் கனம் வேண்டுமானால், உடைந்த ரோலர் இயந்திரங்களின் பல்சக்கரங்களை மாட்டிக் கயிற்றால் இறுக்குவோம். பலகை கிடையாது. படுத்துத் தள்ளுகிறவன் சாக்கு விரித்த தரையில் படுத்தான்.

கண்ணாடியும் கிடையாது. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. ஒருவன் தள்ளும்போது இன்னொருவன் அவன் பின்கையில் விரல் வைத்துப் பார்ப்பான். உங்கள் கேள்விக்கான விடையை நான் புத்தகத்தில் படித்தது பிறகுதான். முதலில் படித்தது விரல் நுனியில். நின்று தள்ளும்போது தோளிலிருந்து நெற்றி வரைக்கும் பின்கை தளர்வாகவே கிடக்கும். அதுவரை தோளின் வேலை. நெற்றியைத் தாண்டியதும் விரலுக்கடியில் அது இறுகும். முழங்கை நேராகும் கடைசிச் சாண் முழுவதும் அதன் பொறுப்பு. பிடரியிலிருந்து தள்ளினால் முழங்கை ஆழமாக மடங்குவதால், தோள்பட்டை எலும்பு வரை ஓடும் பின்கைத் தசையின் நீளப் பிரிவு தொடக்கத்திலேயே இழுபடும். படுத்து, பிடியை அகட்டித் தள்ளினால் நெஞ்சு பாதியைப் பிடுங்கிக்கொள்ளும். பிடியை ஒடுக்கி, முழங்கைகளை விலாவோடு வைத்துத் தள்ளினால், தரையை விட்டு முழங்கை எழுந்த கணத்திலிருந்தே பின்கை கல்லாக நிற்கும். அதனால் பின்கை மெலிந்தவர்களுக்கு நாங்கள் படுக்கையும் ஒடுக்கமும் கொடுத்தோம். இன்றும் அதையே கொடுங்கள்.

ஆனால் மெலிந்ததா என்று முதலில் பாருங்கள். அங்கமுத்துவின் கதை அதைப் பற்றியது. முழுக்க அதைப் பற்றியது என்றும் சொல்ல முடியவில்லை.

அங்கமுத்துவும் சடையனும் ருவான்வெல்லைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தின் ரப்பர் ஆலையில் ரோலர் சுற்றுகிறவர்கள். உறைந்த ரப்பர்பாலை அந்த ரோலருக்குள் விட்டுத் தகடாக்க வேண்டும். ரோலருக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் தம்பி. அங்கமுத்துவுக்கு என் வயது. சடையண்ணன் அவனைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஒல்லி, நெஞ்சுச்சளிக்காரர், பேசத் தொடங்கினால் கிட்டங்கியே சிரிக்கும். அவர் பளுவைத் தொட்டதில்லை. தம்பி படுத்துத் தள்ளும்போது தலைமாட்டில் நின்று கம்பி கீழே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. மழை பெய்தால் மரம் ஈரமாகிப் பால்வெட்டு நின்றுவிடும். அப்படிப்பட்ட நாட்களில் இரண்டு பேரும் நடுப்பகலிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு, தெருமுனையில் வரும்போதே யாரையாவது வம்புக்கு இழுத்தபடி. தென்மேற்குப் பருவமழையை எல்லோரும் சபிப்பார்கள். நான் மட்டும் இன்றும் ஜூன் மாதத்தில் தகரக்கூரையில் மழை விழுந்தால் வாசலைப் பார்க்கிறேன்.

எனக்குப் பயிற்சித் தொழில் கற்றுக்கொடுத்தவரை மாஸ்டர் என்றே எல்லோரும் அழைத்தோம். அவிசாவளையில் ரயில்வே வேலை பார்த்த சிங்களவர். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் கழகத்துக்கு வருவார். தமிழை ரயில்பாதை வேலைக்காரர்களிடமிருந்து கற்றிருந்தார். ஒரு தூக்கு சரியாக இருந்தால் "ஹரி" என்பார். இல்லையென்றால் "ஹரி நே". சிங்களத்தில் சரி, சரியில்லை. அதற்கு மேல் விளக்கம் இருக்காது.

அந்த ஜூனின் முதல் ஞாயிறு அவர் போட்டிச் செய்தியோடு வந்தார். அடுத்த மாதம் சந்தைக் களத்தில் நின்று தள்ளும் போட்டி. அவரே நடுவர். சுற்றுத் தோட்டத்துத் துரைமார்கள் வந்து நாற்காலியில் உட்காருவார்கள். பேச்சு முடிந்ததும் எங்களை ஒவ்வொருவராகத் தூக்கச் சொன்னார். அங்கமுத்து, எங்களில் யாரும் தோள்வரைக்கும் கொண்டுவர முடியாத கனத்தை ஓசையில்லாமல் தலைக்கு மேல் தள்ளினான். வலது கை ஈட்டியாக நின்றது. இடது முழங்கையில் மட்டும் சின்ன வளைவு.

"ஹரி நே," என்றார் மாஸ்டர். "கை நீட்டு! கை நீட்டு!"

அங்கமுத்து முகம் சிவக்கத் தள்ளிப் பார்த்தான். வளைவு அப்படியே இருந்தது.

"மாஸ்டர்," என்றார் சடையண்ணன், "எங்க தம்பி யாருக்கிட்டயும் கை நீட்டிப் பழகலைங்க. அடிக்கவும் நீட்டல, கேக்கவும் நீட்டல. இப்ப திடீர்னு நீட்டச் சொன்னா வெக்கப்படுறான்."

கிட்டங்கி சிரித்தது. மாஸ்டருக்குப் புரியவில்லை. தமிழில் கை நீட்டுவது என்றால் அடிப்பதும்தான், யாசிப்பதும்தான் என்று நான் சிங்களத்தில் சொன்னதும் அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்: "மல்லி, இந்த ஆள் தோள் வேலை செய்யுது. பின்கை சோம்பேறி. படுக்கப் போடு, பிடி சின்னதாக்கு. ஒரு மாசத்துல நேராகும்." மல்லி என்று என்னைத்தான் அழைப்பார். தம்பி என்று பொருள்.

அன்று எல்லோரும் போன பிறகும் அங்கமுத்து நின்றான். முஸ்லிம் என்பதால் என்னை அவர்கள் நானா என்றுதான் அழைப்பார்கள், அண்ணன் என்பதுபோல.

"நானா, நான் கட்டாயம் தூக்கணும்."

"அதுக்கென்ன? தூக்கத்தானே போறீங்க."

"அது இல்ல நானா. பெரட்டுக்களத்துல பேச்சு நடக்குது. ஆளக் கொறைக்கப் போறாங்களாம். பேரு வாசிச்சு இந்தியாவுக்குக் கப்பல் ஏத்தப் போறாங்களாம். நோயாளி, ஏலாதவன் எல்லாம் மொதல்ல. துரை கண்ணு முன்னால நான் தூக்கிட்டேன்னு வைங்க, என்னய ஏலாதவன்னு யாரு சொல்லுவா?"

பெரட்டுக்களம் என்பது விடியலில் தோட்டத்து ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடம். அங்கே கங்காணி சொல்லும் ஒரு பெயர் ஒரு குடும்பத்தையே புரட்டிப் போட்டுவிடும். அங்கமுத்துவுக்கு இந்தியா என்றால் ஒரு சொல் மட்டும். மூன்று வயதில் அண்ணன் முதுகில் வந்தவன். அங்கே அவனுக்குத் தெரிந்த மனிதரோ மரமோ கிடையாது. அவனுக்கு அந்தத் தூக்கு விளையாட்டு இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாஸ்டர் சொன்னபடி அவனைப் படுக்கப் போட்டோம். பிடியை ஒடுக்கினோம். சடையண்ணன் தலைமாட்டில் நின்று, "தள்ளுடா, இன்னும் கொஞ்சம், ரோலர்னு நெனச்சுக்க, அந்தப் பக்கம் நான்தான் நிக்கிறேன், ஏமாத்துனா எனக்குத் தெரியும்" என்று விடாமல் பேசிக்கொண்டேயிருப்பார். சட்டையின் கைப்பகுதி இறுகுமளவுக்கு அங்கமுத்துவின் பின்கை பெருத்தது. இடது முழங்கை மட்டும் அதே வளைவில் நின்றது.

தம்பிமாரே, இந்த இடத்தில்தான் பெரும்பாலான பயிற்சியாளர்கள் இன்னும் கொஞ்சம் கனம் ஏற்றுவார்கள். நானும் சக்கரத்தைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்தபோது என் விரல் முந்தின நாள் தொட்டது நினைவுக்கு வந்தது. மேலே போனதும் அவன் இடது பின்கை கல்லாக இருந்ததே. சோர்ந்த தசை கடைசிச் சாணில் நடுங்கும். இது நடுங்கவில்லை. தன் வேலையை முடித்துவிட்டு, இதற்கு மேல் போக இடமில்லை என்று நின்றது.

சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு மூலையில் கிடந்த ஒட்டடைக் கம்பை எடுத்துக் கொடுத்தேன்.

"இதைத் தூக்குங்க."

"என்ன நானா, நக்கலா?"

"தூக்குங்க சொல்றேன்."

கம்பு மேலே போனது. இடது முழங்கையில் அதே வளைவு.

பலவீனத்தால் வரும் குறை கனத்தோடு கூடும், கனத்தோடு குறையும். வெறும் கம்புக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் ஒரே அளவில் இருக்கும் குறை தசையில் இல்லை. அவனைச் சாக்கில் படுக்கவைத்து, கையைத் தளர விடச் சொல்லி, என் உள்ளங்கையால் மெல்ல அழுத்தினேன். கதவு நிலையில் முட்டுவதுபோல் ஓரிடத்தில் நின்றது. எலும்பு.

"சின்னதுல ஒடஞ்சீக்கா?" என்று கேட்டேன்.

அங்கமுத்து தெரியாது என்றான். சடையண்ணன் குனிந்து சாக்கின் மடிப்பை நீவினார். 

"ஒடஞ்சுச்சு," என்றார் கடைசியில். "கப்பல விட்டு எறங்கி நடந்து வாரப்ப இவன சாமான் வண்டி மேல உக்கார வச்சிருந்தோம், விழுந்துட்டான். அழுதுகிட்டே இருந்தான். மூங்கிலப் பொளந்து நான்தான் கட்டுனேன். எனக்கே மீசை மொளைக்கல. மடக்கி வச்சுக் கட்டிப்புட்டேன். மடக்கி வச்சாத்தான் முதுகுல தூக்க முடிஞ்சுச்சு. தோட்டத்து மருந்துக்காரரு கேட்டப்ப ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன். ஊனம்னா திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயம்."

அங்கமுத்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இத்தனை வருஷம் அது கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. ரோலர் கைப்பிடி சுற்றும்போது எந்தக் கையும் முழுதாக நேராவதில்லை. வாளி தூக்கும்போது கொஞ்சம் மடங்கியிருந்தால் யாரும் பார்ப்பதில்லை. தலைக்கு மேல் நேராக நீட்டவேண்டிய வேலை தோட்டத்தில் எதுவுமே இல்லை. பளுக்கம்பிதான் அதை முதன்முதலில் கேட்டது.

"அண்ணே, ஒழுங்காக் கட்டிருந்தா நான் இந்நேரம் மாஸ்டரயே தூக்கிருப்பேன்," என்றான் அங்கமுத்து. சடையண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை.

பிறகு மூன்று பேரும் பேசினோம். மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம். எலும்பின் குறை என்று தெரிந்தால் நேர்மையான நடுவர் அதைக் கணக்கில் எடுப்பார்.

"சொல்லாதீங்க நானா," என்றார் சடையண்ணன். "கோணக் கைன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா அது துரை காதுக்குப் போவும்."

"சொல்லலன்னா மாஸ்டரு ஹரி நேம்பாரு," என்றான் அங்கமுத்து. "அது துரை காதுக்குப் போவாதா? துரை பக்கத்துலதான உக்காந்திருப்பாரு?"

இரண்டு பக்கமும் அடைபட்டிருந்தது. நான் போட்டியன்று காலை, கூட்டம் சேர்வதற்கு முன் மாஸ்டரைத் தனியே பிடித்துச் சொல்வது என்று முடிவு செய்தோம்.

அந்த ஜூலை ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. சந்தைக் களத்தில் மரப்பலகைகளை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். மாஸ்டர் வெள்ளைக் காற்சட்டையும் கழுத்தில் விசிலுமாக நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மல்லி, நீ சொல்றது சரின்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு நான் பார்த்தது பிழை. ஆனா நான் காதால தீர்ப்பு சொல்ற ஆள் இல்ல. கனம் தொடறதுக்கு முன்னால வெறும் கை காட்டட்டும். எல்லா ஆளும் பார்க்கட்டும். அவன் கை எவ்வளவு நேரோ அவ்வளவு வந்தா நான் ஹரி சொல்றது."

"எல்லாரும் பார்க்கவா?"

"தூக்கறது எல்லாரும் பார்க்கத்தானே?"

ஒருவனுக்கு மட்டும் காதோடு காதாக ஒரு சலுகை கொடுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை அவர் யோசித்தார். நான் அங்கமுத்துவை மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். நடுவர் வேலையும் பயிற்சியாளர் வேலையும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்று நான் உங்களிடம் பலமுறை சொல்வது இதனால்தான்.

அங்கமுத்துவின் முறை வந்தது. மேடையில் ஏறி நின்றான். மாஸ்டர் அவனுக்கு எதிரே. மாஸ்டருக்கு நேர்பின்னால் முதல் நாற்காலியில் அவன் தோட்டத்துத் துரை. பக்கத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர். அதற்கும் பின்னால் கங்காணியும் தோட்டத்துச் சனங்களும்.

"முதல்ல வெறும் கை," என்றார் மாஸ்டர். "கை நீட்டு."

சிரிப்பதற்காகக் காத்திருந்தவர்கள் கூடச் சிரிக்கவில்லை. துரை நாற்காலியில் இருக்கும்போது அவர் முகத்துக்கு நேரே ஒரு தோட்டத்து ஆள் கை நீட்டுவதென்றால் என்னவென்று அங்கிருந்த ஒவ்வொரு தமிழருக்கும் தெரியும். ஒன்று பிச்சை. இல்லாவிட்டால் அடி. மாஸ்டர் ஒருவருக்குத்தான் அது வெறும் முழங்கை. கங்காணி எழுந்து நின்றுவிட்டார். அங்கமுத்துவின் கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. நான் மேடையோரத்தில் நின்றேன். மாஸ்டரிடம் வேறு சொல்லைச் சொல்லச் சொல்லலாமா என்று யோசித்தேன். எந்தச் சொல் என்று எனக்கே தெரியவில்லை. கிளாக்கர் துரையின் காதில் குனிந்து ஏதோ சொல்லத் தொடங்கினார்.

அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து இருமலோடு ஒரு குரல் வந்தது.

"டேய், சாமி கும்பிடுடா!"

சடையண்ணன். அங்கமுத்துவின் முகம் தெளிந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினான், கோயில் வாசலில் கூட்டத்துக்கு மேலாகக் கும்பிடுகிறவன்போல. உள்ளங்கைகளை மட்டும் சேர்க்கவில்லை. அப்படியே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினான். வலது கை நேர். இடது கை வளைவு. களம் முழுதும் பார்த்தது. மாஸ்டர் மேடையேறி அந்த முழங்கையைத் தொட்டு, கீழிருந்து அழுத்திப் பார்த்து, தலையசைத்து இறங்கினார்.

பிறகு அவன் தூக்கினான். அவன் தோளில் கம்பி இருந்தபோது எனக்குப் பயமிருந்தது. நெற்றியைத் தாண்டியதும் போய்விட்டது. அந்த மாதம் முழுக்கத் தரையில் படுத்துச் செய்த வேலை அங்கே தெரிந்தது. கம்பி தயங்கும் இடத்தில் தயங்கவில்லை. மேலே போய், அந்த வளைவில் வந்து, பூட்டியதுபோல் நின்றது.

"ஹரி!"

தோட்டத்துச் சனங்கள் எழுப்பிய சத்தத்தில் சந்தைக் களத்து மரத்திலிருந்த காகங்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. துரையே கை தட்டினார். எழுந்து வந்து அங்கமுத்துவின் தோளைத் தட்டிவிட்டு, கிளாக்கரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். இந்த ஆள் என்ன வேலை என்று. ரோலர் என்று கிளாக்கர் சொன்னார். துரை சிரித்தபடி இன்னொன்றும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது. இப்படிப்பட்டவன் இருக்கும்போது ரோலருக்கு இரண்டு ஆள் எதற்கு?

எல்லோரும் சிரித்தார்கள். பாராட்டு என்று நானும் சிரித்தேன். சடையண்ணன் என்னிடம், "துரை என்னா சொன்னாரு நானா?" என்று கேட்டார். பெருமையோடு மொழிபெயர்த்தேன். அவரும் சிரித்தார். ஆனால் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பொருள் எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது.

பெரட்டுக்களத்தில் பெயர் வாசித்தபோது அங்கமுத்துவின் பெயர் இல்லை. சடையனின் பெயர் இருந்தது, மனைவி பிள்ளைகளோடு.

அன்றே அங்கமுத்து கிட்டங்கிக்கு ஓடி வந்தான். பின்னாலேயே சடையண்ணன் மூச்சு வாங்க வந்தார்.

"நான் போயி கிளாக்கர் ஐயாக்கிட்ட சொல்றேன் நானா. தனியா என்னால சுத்த ஏலாது, கை கோணல், எலும்பு ஒடஞ்ச கைன்னு சொல்றேன். நீங்களும் வந்து சொல்லுங்க."

"சொன்னா என்னா ஆவும்?" என்றார் சடையண்ணன். "என் பேர எடுப்பாங்களா? ஒன் பேரயும் சேத்துப் போடுவாங்க."

"போடட்டும். ஒண்ணாப் போவோம்."

"எங்கடா போவ? அங்க ஒனக்கு யாரத் தெரியும்? எனக்காவது ஊரு பேரு தெரியும்." அவர் சாக்கின்மேல் உட்கார்ந்தார். "கேளு. நீ லயத்துல இருந்தீன்னா, வெல ஏறுனாப்புல நான் திரும்பி வந்தா நிக்கிறதுக்கு ஒரு காம்பரா, தலைக்கு மேல ஒரு கூரை இருக்கும். ரெண்டு பேரும் போயிட்டா ரெண்டு பேருக்கும் இல்ல. ஒன்ன முதுகுல தூக்கிட்டு வந்தவன் சொல்றேன், இரு."

அங்கமுத்து என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வேன் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். பயிற்சி கேட்டு வந்தவன், பயிற்சிக்கு வெளியே உள்ள ஒன்றை உங்களிடம் கேட்பான். அண்ணன் தம்பிக்கு நடுவில் புகுந்து தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை என்று எனக்குப் பட்டது. "அண்ணன் சொல்றத கேளுங்க" என்று மட்டும் சொன்னேன். அது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். சரியாக இருந்தாலும் லேசாக இல்லை.

அவர்களை ஏற்றிய லொறி கடைத்தெரு வழியாகத்தான் போனது. சடையண்ணன் நின்றுகொண்டே வந்தார். எங்கள் கடையைக் கடக்கும்போது, "நானா, கிட்டங்கியில ஷீட்டு ஏறுனா சொல்லி அனுப்புங்க, நாங்க வந்திர்றோம்" என்று கத்தினார். லொறியிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ரப்பர் விலை பிறகு ஏறியது. கிட்டங்கியில் ஷீட்டும் ஏறியது. கழகம் வேறு இடத்துக்கு மாறியது. சடையண்ணன் வரவில்லை. வந்த யாரும் அவரைப் பார்த்ததாகச் சொல்லவும் இல்லை. பல வருஷம், இந்தியக் கப்பல் வந்துசேரும் தலைமன்னார்ப் பக்கமிருந்து வருகிறவர்களிடம் விசாரித்தேன். இப்போது விசாரிக்க ஆளில்லை.

அங்கமுத்து சில வாரங்கள் வரவில்லை. பிறகு ஒரு மழைநாள் பகலில், சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு தனியே வந்தான். ரோலரைத் தனியாகச் சுற்றிச் சுற்றி வலது தோள் ஒருபக்கமாக ஏறியிருந்தது. தரையில் சாக்கை விரித்தேன். கம்பியை எடுத்து வைத்தேன். சடையண்ணன் நிற்கும் தலைமாட்டில் போய் நின்றேன்.

அவன் சாக்கைப் பார்த்தபடி நின்றான்.

"படுங்க அங்கமுத்து. நான் பிடிக்கிறேன்."

"படுத்தா மேல பாக்கணும் நானா," என்றான். "மேல பாத்தா நீங்க இருப்பீங்க."

நான் தலைமாட்டிலிருந்து விலகினேன்.

"கோவிச்சுக்காதீங்க. நின்னு தூக்குனா நேராப் பாத்தாப் போதும். நேரா செவுருதான இருக்கு."

நான் சாக்கைச் சுருட்டினேன். அவன் குனிந்து கம்பியைத் தோளுக்கு எடுத்தான்.